சிறுகச் சிறுக நீளும் ஓட்டம்

பள்ளி விளையாட்டு விழா நெருங்கும் நாட்களில், சித்தூர் வட்டத்தின் எல்லையோரக் கிராமங்களிலும், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலும் ஒரு காட்சியைக் காண்பது அரிதன்று. ஆசிரியர் ஊதலை ஊதுகிறார். நாற்பது மாணவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்குகின்றனர். முதற் சுற்றிலேயே மூச்சு முட்ட ஓடியவர்கள் இரண்டாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனர். ஒருவன் வாந்தியெடுக்கிறான். முதலில் வந்த மூவர் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. ஏனையோர் 'நமக்கு ஓட்டம் வராது' என்ற முடிவோடு வகுப்பறைக்குத் திரும்புகின்றனர். அம்முடிவை அவர்களிற் பலர் ஆயுள் முழுவதும் மாற்றிக்கொள்வதில்லை.

இம்முறையில் நாம் இழப்பது எவ்வளவு என்பதை இவ்வட்டாரத்தின் வரலாறே கூறும். தொடுபுழையைச் சேர்ந்த ஷைனி ஆபிரகாம் 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதியை எட்டினார். இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த கே. எம். பீனாமோல் 2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் அதே தூரத்திற்குத் தங்கம் பெற்றார். பாலக்காட்டை அடுத்த முண்டூரைச் சேர்ந்த பி. யு. சித்ரா 2017, 2019 ஆகிய இரு ஆண்டுகளின் ஆசியத் தடகளப் போட்டிகளிலும் 1,500 மீட்டரில் முதலிடம் பெற்றார். பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டிற்கும் பொதுவானது தமிழ்நாட்டு எல்லையே. ஆயினும் இவ்விரு மாவட்டங்களையும் தம் வாழ்க்கையால் இணைத்தவர் ஒருவர் உண்டு. இடுக்கியில் 1982இல் பிறந்து, பின்னர் பாலக்காட்டில் வாழ்ந்து, இரயில்வேயில் பணியாற்றிய பிரீஜா ஸ்ரீதரன் 2010ஆம் ஆண்டு குவாங்சௌ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். 25 சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் சராசரி 76 வினாடி சொச்சம். இரண்டாவதாக வந்த கவிதா ராவுத் ஏறக்குறைய ஒரு வினாடியே பின்தங்கியிருந்தார். இத்தகைய நெடுந்தூர வல்லமையை ஒரு நாள் ஊதலால் கண்டுபிடித்துவிட முடியாது.

நாம் இங்கே கருதுவது ஆசியப் பதக்கம் அன்று. இதுவரை ஓடியறியாத ஒரு மாணவனோ, நாற்பதைக் கடந்த ஒரு களப்பணியாளரோ, நடையிலிருந்து தொடங்கி அரை மணி நேரம் நில்லாமல் ஓடவும், பின்னர் அதனினும் நெடிய தூரத்திற்குச் செல்லவும் வழி யாது என்பதே கேள்வி.

அட்டவணையின் அமைப்பு

இதற்கென உலகெங்கும் பரவியுள்ள ஓர் அட்டவணையை 1996இல் ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்கர் வகுத்தார். வாரத்தில் மூன்று நாள், ஒன்பது வாரம். ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடம் விரைவு நடை. அதன்பின் முதல் வாரத்தில் 60 வினாடி மெல்லோட்டம், 90 வினாடி நடை என மாறி மாறி 20 நிமிடம். இரண்டாம் வாரத்தில் 90 வினாடி ஓட்டம், 2 நிமிட நடை. மூன்றாம் வாரத்தில் 3 நிமிட ஓட்டம் புகுகிறது. நான்காம் வாரத்தில் 5 நிமிடம். இவ்வாறே நீண்டு, ஒன்பதாம் வாரத்தில் 30 நிமிடம் இடைவிடாத ஓட்டம் கைகூடுகிறது. கடிகாரம் ஒன்றைத் தவிர வேறு கருவி வேண்டுவதில்லை என்பதால் நம் பள்ளிகளுக்கு இது மிகவும் ஏற்றது.

வேகம் எவ்வளவு? உடன் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச இயல வேண்டும். நியூஸிலாந்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு பொதுமக்களை மெல்லோட்டத்தில் ஈடுபடுத்தியபோது வற்புறுத்திய அளவு இதுவே. பேச்சு துண்டு துண்டாக வருமாயின் வேகம் மிகுந்துவிட்டது என்று கொள்க. நம் மாணவர் பெரும்பாலோர் தோற்பது தூரத்தால் அன்று, முதல் நிமிடத்தின் வேகத்தால் என்பதை ஒரு வாரம் கவனித்தால் ஆசிரியர்களே உணர்வர்.

உடலின் உள்ளே நிகழ்வன

ஓட்டம் தொடங்கிய சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகத் தொடங்குகிறது. இதனால் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னிலும் அதிக இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதே வேகத்திற்கு நாடித் துடிப்புக் குறைகிறது. அடுத்துத் தசையினுள்ளே மாறுதல் நிகழ்கிறது. உயிரணுக்களுக்குள் பிராணவாயுவைக் கொண்டு சக்தியை விளைவிக்கும் நுண்ணுறுப்புகளை மைட்டோகாண்ட்ரியா என்பர். ஜான் ஹாலோசி என்ற விஞ்ஞானி எலிகளைப் பல வாரங்கள் ஓடுபொறியில் ஓடச் செய்து, அவற்றின் தசைகளில் இவ்வுறுப்புகளின் ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காவதை 1967இல் வெளியிட்டார். மனிதத் தசையிலும் இத்தகைய பெருக்கம் சில வாரங்களில் காணப்படுகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களும் மிகுகின்றன. ஆகவே நான்காம், ஐந்தாம் வாரத்தில் ஓடுபவருக்கு ஒரு புதுத் தெம்பு பிறக்கிறது. மூச்சு எளிதாகிறது. 'இன்னும் ஓடலாமே' என்று மனம் தூண்டுகிறது.

இத்தருணமே ஆபத்தானது. ஏனெனில் எலும்பும் தசைநாணும் இருதயத்தின் வேகத்தில் மாறுவதில்லை. ஓட்டத்தின் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்திற்கு மேற்பட்ட அடிகள். புதிய சுமைக்கேற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும்போது, முதலில் பழைய பொருளை ஒரு வகை உயிரணுக்கள் கரைத்து அகற்றுகின்றன. இதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகும். அவ்விடத்தைப் புதிய எலும்பால் நிரப்ப மூன்று மாதமோ அதற்கு மேலோ வேண்டும். இடைக்காலத்தில் அந்த எலும்பு முன்னிலும் சற்று நொய்ந்தே நிற்கிறது. வீட்டைப் புதுப்பிக்கச் சுவரை இடித்தவர், புதுச் சுவர் எழுமுன் அதன்மேல் பரண் கட்டுவதில்லை அல்லவா?

குதிகாலின் பெருந்தசைநாணைப் பற்றிய செய்தி இன்னும் வியப்பானது. 1955 முதல் 1963 வரை நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் மிகுந்தது. அது பயிரில் புகுந்து, உணவின் வழியே அக்கால மக்கள் அனைவரது உடலிலும் சேர்ந்தது. அந்தக் கார்பனின் அளவைக் கொண்டு, தசைநாணின் நடுப்பகுதி எப்போது உருவாயிற்று என்று டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2013இல் வெளியிட்டனர். ஏறக்குறைய பதினேழு வயதிற்குள் உருவாகும் அப்பகுதி, அதன்பின் பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அணுகுண்டின் தீமையிலிருந்தும் ஓர் அளவுகோல் கிடைத்தது ஒருபுறமிருக்க, நம் வகுப்பிலுள்ள பதின்மூன்று வயதுச் சிறுமியின் குதிகால் நாண் அவள் ஆயுளுக்கெல்லாம் இப்போதே இழைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை ஆசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளைகள் குதிகால் வலி என்று சொன்னால் அதைச் சோம்பல் என்று தள்ளலாகாது. அவ்வயதில் குதிகால் எலும்பின் வளரும் பகுதி இழுவையால் நோவது உண்மை. ஓட்டத்தைக் குறைத்தால் அது தணியும்.

ஒரு நாளின் பாய்ச்சல்

மெல்ல மெல்லக் கூட்டினால் காயமே வராது என்று எழுதிவிட்டால் எளிதாயிருக்கும். ஆனால் ஆய்வு அவ்வாறு கூறவில்லை. நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய 500க்கு மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு எட்டு வார அட்டவணையும், மற்றவர்க்கு வாரத்திற்குப் பத்து சதவீதம் மட்டும் கூட்டும் பதின்மூன்று வார அட்டவணையும் அளித்தனர். 2008இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவிலும் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் காயமுற்றனர். வேறுபாடு இல்லை.

இப்புதிருக்கு ஓரளவு விடை 2025இல் வந்தது. 5,000க்கு மேற்பட்ட ஓட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, வாரக் கணக்கை விட ஒற்றை நாளின் ஓட்டமே பொருட்படுத்தத் தக்கதாகத் தெரிந்தது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைக் காட்டிலும் பத்து சதவீதத்திற்கு மேல் ஒரே நாளில் ஓடியவர்க்குக் காயம் மிகுந்தது. பயிற்சியே இல்லாமல் விழா நாளில் நெடுந்தூரம் ஓடவிடப்படும் மாணவனின் நிலை இதனால் விளங்கும்.

இதற்கு நானே ஒரு சான்று. நாற்பத்தாறாம் வயதில் இவ்வட்டவணையைத் தொடங்கி, ஐந்தாம் வாரம்வரை ஒழுங்காக நடந்துகொண்டேன். ஒரு நாள் காலை குளிர்ந்த காற்று. கால்வாய்க் கரைப் பாதை. மூச்சு சிறிதும் வாங்கவில்லை. அன்று அட்டவணையை மறந்து இரு மடங்கு தூரம் ஓடிவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பில் தொட்டாலே வலி. மூன்று வாரம் ஓட்டத்தை நிறுத்தி, மூன்றாம் வாரப் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். ஒன்பது வார வேலை பதினைந்து வாரமாயிற்று.

அட்டவணையிலும் ஒரு குறை உண்டு என்பது என் கருத்து. ஐந்தாம் வாரத்தின் இரண்டாம் நாள் எட்டு நிமிட ஓட்டம் இரண்டு. மூன்றாம் நாளோ ஒரே மூச்சில் 20 நிமிடம். இவ்விடத்தில் ஒரு வாரம் சேர்த்து, ஒன்பது நிமிட ஓட்டம் இரண்டு, நடுவே நடை என்று அமைப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு நலம். 30 நிமிடம் கைவந்தபின் ஒரு மணி நேரத்திற்குச் செல்ல விரும்புவோர், வாரத்தில் ஓர் ஓட்டத்தை மட்டும் பத்தில் ஒரு பங்கு நீட்டுக. 30 நிமிடம் 33 ஆகும், பின் 36 ஆகும். நான்கு வாரத்திற்கு ஒருமுறை குறைத்து ஓடுக. எட்டுப் படிகளில் ஒரு மணி நேரம் வரும். குறைக்கும் வாரங்களைச் சேர்த்தால் ஏறத்தாழ பத்து வாரம். மார்பு வலி, இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கண்டபின்னரே தொடங்குதல் வேண்டும்.

மலையும் சமவெளியும்

மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது; அங்குக் காற்றழுத்தம் கடல் மட்டத்தினும் ஆறில் ஒரு பங்கு குறைவு. சமவெளியிலிருந்து மாற்றலாகிச் செல்வோர் கடிகார வேகத்தை விட்டுப் பேச்சுச் சோதனையையே நம்புக. ஆனால் மலையில் தொல்லை தருவது ஏற்றத்தை விட இறக்கமே. இறங்கும்போது தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீட்டப்படுகிறது. நுண்ணிய சிதைவுகள் உண்டாகி, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்க முடியாத வலி வருகிறது. ஆகையால் முதற் சில வாரங்கள் இறக்கத்தில் நடக்க வேண்டும். சிறிதளவு பழகிய தசைக்கு அடுத்த முறை அவ்வளவு வலி வருவதில்லை.

பாலக்காட்டில் பகைவன் வெப்பம். மார்ச், ஏப்ரலில் 40 பாகையை நெருங்கும் பகல்கள் உண்டு. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்குகிறது. சொட்டி வீழும் வியர்வையால் அப்பயன் இல்லை. வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும்.

எனவே சமவெளிப் பள்ளிகளில் நவம்பர் நடுவில் தொடங்கினால், பிப்ரவரி இறுதிக்குள், வெயில் முற்றுமுன், பதினான்கு வாரம் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் கணவாய் வழியே கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். புறப்படும்போது அதை எதிர்த்து ஓடி, களைத்துத் திரும்பும்போது அது முதுகில் படுமாறு திசையை அமைத்துக்கொள்க. தேயிலைத் தோட்டங்களில் மழை ஓய்ந்தபின் தொடங்கலாம். வாளையாற்றுப் பக்கமும் சின்னாறு, சின்னக்கானல் பக்கமும் உள்ளவர்கள் மட்டும் விடியுமுன் காட்டோரச் சாலையில் இறங்க வேண்டாம். முந்தின இரவு யானை நடமாட்டம் இருந்ததா என்பதை வனத்துறையினரிடம் கேட்டறிந்து, இருந்ததெனில் அன்றைய ஓட்டத்தைப் பள்ளி மைதானத்திற்கு மாற்றிக்கொள்க.