கியர் உதைப்பது எதனால்?

தானியங்கி கியர்பாக்ஸ் கொண்ட பழைய பிக்கப் டிரக் ஒன்று முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது உதைக்கத் தொடங்கினால், கியர்பாக்ஸின் ஆயுள் முடிந்துவிட்டது என்று உரிமையாளர் முடிவு கட்டுவதும், அதை இறக்கிப் பிரித்தாக வேண்டும் என்று பட்டறையில் சொல்லப்படுவதும் வழக்கம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1964-இல் கேடிலாக், பியூக் கார்களில் அறிமுகப்படுத்தி, பின்னர் ஷெவ்ரோலே, ஜி.எம்.சி. டிரக்குகளிலும் பல ஆண்டுகள் பொருத்திய டர்போ ஹைட்ராமேட்டிக் 400 என்ற மூன்று கியர் பெட்டியின் அமைப்பைப் பார்த்தால், அந்த முடிவு அவசரமானது என்பது விளங்கும். உதைக்கும் பெட்டியைவிட வழுக்கும் பெட்டியே சாவுக்கு அருகில் இருக்கிறது. உதைக்கும் பெட்டியோ, தனக்கு வந்து சேரும் செய்தியில் கோளாறு நேர்ந்ததால், தன் கிளட்சுகளைக் காத்துக்கொள்ளும் பொருட்டு எண்ணெய் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டதாகவே பெரும்பாலும் இருக்கும்.

கியர் மாறுவது என்பது இப்பெட்டியில் ஒரு கிளட்ச் அடுக்கை எண்ணெய் அழுத்தத்தால் இறுக்குவதே ஆகும். எஞ்சின் தரும் முறுக்குவிசைக்கு அந்த அழுத்தம் போதாவிட்டால் தட்டுகள் ஒன்றோடொன்று வழுக்கிச் சூடேறி, அவற்றின் உராய்வுப் பூச்சு கருகிவிடும். அழுத்தம் மிகுந்தாலோ தட்டுகள் நொடியில் கவ்விக்கொள்ள, அந்த அதிர்ச்சி புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாக இருக்கைவரை வந்து சேரும். கிணற்றில் நிறைந்த வாளி கீழே ஓடும்போது கயிற்றைத் தளர்த்திப் பிடித்தால் உள்ளங்கைத் தோல் உரிவதும், வெடுக்கென்று இறுக்கிப் பிடித்தால் தோள்பட்டை வெட்டி இழுப்பதும் இதே கணக்குத்தான். தோள்வலி ஆறிவிடும், உரிந்த தோல் எளிதில் ஆறாது என்பதை உணர்ந்தவர்களே இப்பெட்டியை வடிவமைத்திருக்கிறார்கள் என்று கொள்ள இடமுண்டு. ஏனெனில் ஐயம் நேரும் பெரும்பாலான இடங்களில் அது இறுக்கிப் பிடிக்கும் பக்கமே சாய்கிறது.

கணினி இல்லாத காலத்துப் பெட்டி, எஞ்சின் எவ்வளவு முறுக்குவிசை தருகிறது என்பதை எவ்வாறு அறிந்தது என்பதே இங்கு வியப்புக்குரியது. பெட்ரோல் எஞ்சின் மூச்சிழுக்கும் குழாயமைப்பான இன்டேக் மேனிஃபோல்டில், ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது திராட்டில் தகடு மூடிக்கிடப்பதால் காற்று நுழைய இடமின்றி வலுவான வெற்றிடம் உருவாகிறது. மிதிக்க மிதிக்கத் தகடு திறந்து அவ்வெற்றிடம் குறைகிறது. ஆகவே வெற்றிடத்தின் அளவு எஞ்சினின் சுமையைத் தலைகீழாகக் காட்டும் கருவியாகிவிடுகிறது. மேனிஃபோல்டிலிருந்து கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரே போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும் தகரக் குப்பி வரை மெல்லிய குழாய் ஒன்று ஓடுகிறது. வேக்குவம் மாடுலேட்டர் எனப்படும் அக்குப்பியை ரப்பர் சவ்வு ஒன்று இரண்டாகப் பிரிக்கிறது. வெற்றிடம் சவ்வை ஒருபுறம் இழுக்க, ஸ்பிரிங் எதிர்ப்புறம் தள்ள, இவ்விரண்டின் இழுபறியில் எது எவ்வளவு வெல்கிறதோ அதற்கேற்ப உள்ளிருக்கும் வால்வு நகர்ந்து எண்ணெய் அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. மலைப்பாதையில் காற்று மெலிந்து எஞ்சினின் வலு குறைவதைக்கூட இக்குப்பி கணக்கில் கொள்கிறது. காற்று வெளியேற்றி மூடப்பட்ட சிறிய உலோகத் துருத்தி ஒன்று அதற்கென்றே உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. மின்சாரமோ மின்னணுவோ இன்றி இவ்வளவையும் செய்யும் இத்தகரக் குப்பியைப் போல் மதிக்கப்படாத உறுப்பு வண்டியில் வேறில்லை.

இவ்வமைப்பிலிருந்தே கோளாறுகளின் முகம் தெரிந்துவிடுகிறது. குழாயின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் துண்டுகள் எஞ்சின் வெப்பத்தில் காய்ந்து வெடித்தால் வெற்றிடம் குப்பியை எட்டாது. ஸ்பிரிங் தடையின்றி வெல்லும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்திருப்பதாகப் பெட்டி எண்ணிக்கொண்டு தாமதமாகவும் கடுமையாகவும் கியர் மாற்றும். விலை மலிவான ரப்பர் துண்டு ஒன்றுக்காக முழுப் பெட்டியையும் பிரித்துப் போடுவது இங்கேதான் நிகழ்கிறது. ரப்பர் சவ்வு கிழிந்திருந்தால் அடையாளம் வேறு: எஞ்சின் தன் மூச்சோடு கியர்பாக்ஸ் எண்ணெயையும் உறிஞ்சி எரிப்பதால் சைலன்சரில் வெண்புகை வருவதும், வண்டிக்கடியில் ஒரு சொட்டும் ஒழுகாமலேயே டிப்ஸ்டிக்கில் எண்ணெய் குறைந்துகொண்டே போவதும் காணப்படும். குழாயைக் கழற்றி, குப்பியின் மூக்கில் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தால், அதில் சிவப்பு எண்ணெய் ஒட்டிவருவதே போதிய சான்று. உலோகத் துருத்தி உடைந்தால் மட்டும் நிலைமை மாறி, அழுத்தம் குறைந்து பெட்டி வழுக்கத் தொடங்கும். பழைய குப்பியையும் நல்ல குப்பி ஒன்றையும் நேருக்கு நேர் வைத்து, நடுவே சிறு தண்டு ஒன்றைக் கொடுத்து அழுத்தி, எது தோற்றுப் பின்வாங்குகிறது என்று பார்ப்பது அதற்கான பழைய சோதனை.

குழாயும் குப்பியும் நன்றாயிருந்தும் உதைப்பது நிற்காத வண்டிகளில் பழியை எஞ்சினிலேயே தேட வேண்டியிருக்கும். நல்ல நிலையிலுள்ள எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில், 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் தரும். இக்னிஷன் டைமிங் பிந்தியிருந்தாலோ, வால்வுகள் தேய்ந்திருந்தாலோ, வேகத்துக்கு ஆசைப்பட்டு வேறு கேம்ஷாஃப்ட் போடப்பட்டிருந்தாலோ இவ்வளவு வராது. தளர்ந்த எஞ்சினின் மூச்சைப் பெட்டி பெருஞ்சுமை என்று தவறாகப் படிக்கும். மாடுலேட்டருக்கு அருகிலேயே வேக்குவம் கேஜை இணைத்து, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று தட்டிவிட்டால் முள் உடனே விழுந்து உடனே எழ வேண்டும். சோம்பலாக எழுந்தால் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

சந்தையில் கிடைக்கும் சில மாடுலேட்டர்களின் மூக்குக்குள் சிறிய திருகு ஒன்று உண்டு. அதைத் திருப்பி அழுத்தத்தைக் குறைத்து, உதையை அடக்கிவிட்டதாக மனநிறைவு கொள்பவர்கள் பலர். கோளாறு வேறிடத்தில் இருக்க அழுத்தத்தை மட்டும் குறைப்பது, கிளட்ச் தட்டுகளை மெல்லக் கருகவிடுவதற்குச் சமம். பயணம் சுகமாகிவிட்டது என்று உரிமையாளர் மகிழும் அம்மாதங்களில்தான் பெட்டி உண்மையாகவே அழிகிறது.

பெட்டிக்குச் சற்றும் தொடர்பில்லாத உதைகளும் உண்டு. யூ-ஜாயின்ட் தேய்மானம், கிழிந்த எஞ்சின் மவுண்ட், அளவுக்கு மீறிய ஐடில் வேகம் ஆகியவை, நிற்கும் வண்டியை டிரைவில் போடும்போதே தட்டலை எழுப்புவதால் அவற்றைப் பிரித்தறிவது கடினமன்று. முன்னர் சொன்ன எண்ணெய் அளவைப் பொறுத்தவரை, வண்டி நன்கு சூடேறி, சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும் என்ற சிறு விதியைக்கூடப் பலர் பின்பற்றுவதில்லை.

அழுத்தம் சரியாக இருந்தும், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது மட்டும் உதைத்தால், அக்குமுலேட்டரை ஐயுற வேண்டும். கிளட்சுக்குப் பாயும் எண்ணெயில் ஒரு பகுதியை ஸ்பிரிங் தாங்கிய பிஸ்டன் ஒன்றின் பக்கம் திருப்பி, கவ்வுதலை மென்மையாக்கும் உறுப்பு அது. மேற்சொன்ன பெட்டியில் அது ரியர் செர்வோ எனப்படும் பிஸ்டன் அமைப்போடு சேர்ந்திருக்கிறது. அதன் ஸ்பிரிங் முறிந்தாலோ பிஸ்டன் சிக்கிக்கொண்டாலோ மென்மை போய்விடும்.

அதே ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து 1993-இல் வந்த 4எல்60-இ என்ற நான்கு கியர் பெட்டியில் தகரக் குப்பி இல்லை. சுமையைக் கணினி கணக்கிட்டு, சோலினாய்டு எனப்படும் மின்காந்த வால்வுக்கு மின்னோட்டம் அனுப்புகிறது. ஆயினும் பழைய கொள்கை அப்படியே தொடர்கிறது: ஏறத்தாழ 1.1 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால் அழுத்தம் மிகக் குறைவு, மின்னோட்டமே இல்லாவிட்டால் உச்சம். ஒயர் அறுந்தால் உதைக்கும், ஆனால் கருகாது. முன்னோக்கிய கியர்களில் 55 முதல் 189 பி.எஸ்.ஐ. வரை மாற வேண்டிய அழுத்தம், மெதுவாகச் செல்லும்போதும் மேல் எல்லையிலேயே நின்றால், கணினி எதற்காக அதை ஏற்றி வைத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். கணினியில் பி 1870 என்ற பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தால், பெரும்பாலும் விடை, வால்வுகள் அடங்கிய வால்வ் பாடியில் இருக்கிறது. எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் கிளட்சைக் கட்டுப்படுத்தும் வால்வு, ஓயாமல் துடித்துத் துடித்துத் தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத் துளையை அகலமாக்கிவிட, அவ்வழியே எண்ணெய் கசிந்து கன்வெர்ட்டர் கிளட்ச் வழுக்க, அதைக் கண்ட கணினி பெட்டி முழுவதற்கும் உச்ச அழுத்தத்தை ஏற்றுகிறது. இத்தகைய வண்டியில் சோலினாய்டை மட்டும் மாற்றினால் அக்குறியீடு சில நாட்களில் திரும்பிவிடும்; தேய்ந்த துளையைச் சீராகக் குடைந்து பெரிய அளவு வால்வைப் பொருத்த வேண்டும், அல்லது வால்வ் பாடியையே மாற்ற வேண்டும்.