முதலாளியே பங்கு வாங்கினால்?

2012 நவம்பரில் அமெரிக்காவின் மட்டி வாட்டர்ஸ் நிறுவனம், சிங்கப்பூரில் தலைமையகம் கொண்ட ஓலம் நிறுவனத்தின் கணக்குமுறையைக் கடுமையாகக் குறைகூறியது. முந்திரி, கோக்கோ, காப்பிக்கொட்டை விற்கும் ஓலம் அதை மறுத்தது. பங்கு விலை சரிந்தால் மட்டி வாட்டர்சுக்கு லாபம். அதற்கேற்பவே அது பந்தயம் கட்டியிருந்தது. விலையும் சரிந்தது.

பலர் பதறி விற்ற அந்த நாள்களில், ஏற்கெனவே ஓலமின் பெரும் பங்குதாரராக இருந்த தெமாசெக் சந்தையில் மேலும் பங்குகளை வாங்கியது. 2014 மார்ச்சில் அதன் துணை நிறுவனம், மற்றவர்களின் பங்குகளை ஆளுக்கு ஆள் பேரம் பேசாமல் பங்குக்கு 2.23 வெள்ளி என ஒரே விலையில் வாங்கிக்கொள்ள முன்வந்தது. சர்ச்சைக்கு முன்பிருந்த விலையைவிட அது அதிகம்.

நிதிப் பாடத்துக்காக இந்த விவகாரத்தைத் தேடிப் படித்தபோது எனக்கு வியப்பூட்டியது லாபக் கணக்கு அன்று. தெமாசெக் வாங்குகிறது என்பது சாதாரண முதலீட்டாளருக்கும் அப்போதே தெரிந்திருந்ததே, அதுதான்.

சிங்கப்பூர்ச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் இயக்குநரோ தலைமை நிர்வாகியோ அதன் பங்குகளை வாங்கினாலும் விற்றாலும் இரண்டு வேலை நாள்களுக்குள் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் அதற்கடுத்த வேலை நாள் முடிவதற்குள் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் அறிவிக்க வேண்டும். 5 விழுக்காடு அல்லது அதற்குமேல் பங்கு வைத்திருப்போருக்கும் இதுபோன்ற கடமை உண்டு. அந்தப் படிவங்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

உள்ளே இருப்பவர் விற்பதற்குக் காரணம் ஆயிரம் இருக்கும்: வீடு வாங்க, பிள்ளையின் படிப்புக்கு, வரி கட்ட. சொந்தப் பணத்தைப் போட்டு வாங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தன் கடைச் சாப்பாட்டைத் தானே சாப்பிடும் கடைக்காரரை நம்புவதைப் போன்றது இது. ஜோசப் லக்கோனிஷோக், இன்மூ லீ என்ற இரு ஆய்வாளர்கள் 2001ல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே இருந்தது. அமெரிக்காவில் உள்நபர்கள் வாங்கியதில் ஓரளவு தகவல் இருந்தது, விற்றதில் அவ்வளவாக இல்லை. அதுவும் சிறிய நிறுவனங்களில்தான் அதிகம் என்றார்கள்.

தேக்காவில் இந்தப் பேச்சு வேறு மாதிரி நடக்கும். தேசிய சேவையை முடித்த என் பெரியப்பா மகன் கையில் 6,000 வெள்ளி சேமிப்பு இருந்தது. ஈரச்சந்தைக்குப் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது குடும்ப நண்பரான மாமா ஒருவர், 20 காசு விலையுள்ள ஒரு பங்கின் பெயரைச் சொன்னார். “தலைவரே வாங்குறார் தம்பி, அவருக்குத் தெரியாததா? மொத்தத்தையும் போடு” என்றார். அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது.

அன்றிரவு இருவரும் அந்தப் படிவத்தைத் திறந்தோம். தலைவர் வாங்கியது 20,000 பங்குகள். செலவு 4,000 வெள்ளி. அவர் கையில் முன்பே கோடிக்கணக்கான பங்குகள் இருந்தன. அவருக்கு அது ஓர் இரவு விருந்துச் செலவாக இருக்கலாம். அண்ணன் போட நினைத்ததோ தன் மொத்தச் சேமிப்பை. “அவரைவிட நான்தான் அதிகமா வாங்கப் போறேனா?” என்று சிரித்தான்.

படிவத்தில் நான் முதலில் பார்ப்பது, பங்கு எப்படிக் கைக்கு வந்தது என்பதை. சந்தையில் காசு கொடுத்து வாங்கினாரா, சம்பளத்தோடு சேர்த்து வழங்கப்பட்டதா? இரண்டாவது என்றால் அதில் நம்பிக்கைக்கான அடையாளம் எதுவும் இல்லை. அடுத்து, ஒருவர் மட்டும் வாங்கினாரா, பல இயக்குநர்கள் ஒரே சமயத்தில் வாங்கினார்களா என்பதைப் பார்ப்பேன்.

ஏமாற்றுவதற்கும் வழி உண்டு. 2001 செப்டம்பரில் என்ரான் தலைவர் கென்னத் லே, நிறுவனப் பங்கு மலிவாக இருப்பதாகவும் தானே அண்மையில் வாங்கியதாகவும் ஊழியர்களிடம் சொன்னார். அவர் வாங்கியது சுமார் 4 மில்லியன் டாலருக்கு. ஆனால் அதே காலத்தில் சுமார் 24 மில்லியன் டாலர் பங்குகளை நிறுவனத்திடமே திருப்பி விற்றிருந்தார். அத்தகைய விற்பனையை ஆண்டு முடிந்தபின் அறிவித்தால் போதும் என்று அன்றைய விதி இருந்தது. டிசம்பரில் என்ரான் நொடித்தது. ஓய்வுக்கால சேமிப்பைப் பங்குகளில் வைத்திருந்த ஊழியர்கள் அதை இழந்தார்கள். 2002ல் அமெரிக்கா இரண்டு வேலை நாள் விதியைக் கொண்டுவந்தது.

அறிவித்துவிட்டு வாங்குவது வேறு, ரகசியத்தை வைத்து வாங்குவது வேறு. கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம் நியூயார்க்கில் கேலியன் நிதி நிறுவனத்தை நடத்தினார். 2008 செப்டம்பரில் கோல்ட்மன் சாக்ஸில் வாரன் பஃபெட்டின் நிறுவனம் 5 பில்லியன் டாலர் முதலீடு செய்யவிருந்த செய்தி, வெளியே வருமுன் அவருக்குத் தொலைபேசியில் கிடைத்தது. அன்றைய சந்தை மூடச் சில நிமிடங்கள் இருக்கும்போது வாங்கினார். 2011ல் இதுபோன்ற பல குற்றங்களுக்காக 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சிங்கப்பூரில் இக்குற்றத்துக்கு ஏழாண்டு வரை சிறையோ 250,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இயக்குநரின் மகனோ மகளோ உங்கள் வகுப்புத் தோழராக இருந்து, வெளிவராத செய்தி ஒன்றைச் சொன்னால், அதை வைத்து வாங்கும் நீங்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறீர்கள்.

மீண்டும் ஓலமுக்கு வருகிறேன். தெமாசெக்கைப் பின்பற்றி 2012 இறுதியில் வாங்கியவர் ஏறக்குறைய 16 மாதங்கள் காத்திருந்தார். இடையில் ஓலம் கடன்பத்திரங்கள் வெளியிட்டுப் பங்குதாரர்களிடம் மேலும் பணம் கேட்டது. தெமாசெக்கால் காத்திருக்க முடியும். அண்ணனின் 6,000 வெள்ளியில் ஒரு பகுதி ஆகஸ்ட்டில் பல்கலைக்கழகக் கட்டணமாகப் போக வேண்டியது.

அவன் அந்தப் பங்கை வாங்கவில்லை. தலைவர் மேலும் வாங்குகிறாரா என்று வாரம் ஒருமுறை இணையத்தளத்தில் பார்க்கிறோம். இதுவரை அடுத்த படிவம் வரவில்லை.