காப்பது வேறு, மீட்பது வேறு

என் தமக்கைக்கு 52ஆம் வயதில் இனிப்பு நீர் கண்டது. மஞ்சளும் நெல்லிக்காயும் போதும் என்று யாரோ கூற, மறு ஆண்டே மாத்திரையை நிறுத்திவிட்டார். சில ஆண்டுகளில் வலது காலில் இரண்டு விரல்களை இழந்தார். மருந்துக் கலவையாளராகப் பணியாற்றிய நான், அருகிலிருந்தும் அவருக்கு விளக்கத் தவறினேன். அன்று சொல்லாததை இன்று அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

இரைப்பைக்குப் பின்புறம் உள்ளது கணையம். அதில் தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கும் உயிரணுக் கூட்டங்களை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானியர் கண்டார். அத்தீவுகளிலுள்ள பீட்டா அணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் அவை ஓயாது உழைத்துக் களைக்கின்றன. உடலில் உண்டாகும் தீய ஆக்சிஜன் பொருள்களும் அவற்றைத் தாக்குகின்றன. அத்தாக்குதலைத் தடுக்கும் நொதிகள் அவற்றில் மிகக் குறைவு. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்படும் வேளையிலேயே பீட்டா அணுக்களின் திறனில் ஏறத்தாழப் பாதி போயிருப்பதைப் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வொன்று காட்டியது.

தாவரங்கள் வெயில், பூச்சி முதலியவற்றிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் பொருள்களே பாலிஃபீனால்கள். மஞ்சளில் குர்குமின், வெங்காயத்தில் குவெர்செடின், தேயிலையில் கேட்டச்சின், நெல்லிக்காயில் எல்லாஜிக் அமிலம் ஆகியன உள்ளன. பீட்டா அணுக்களை அழிக்கும் மருந்தைச் செலுத்துமுன் எலிகளுக்குக் குவெர்செடின் கொடுத்துப் பார்த்தபோது, அந்த அணுக்களுக்கு நேர்ந்த சேதம் குறைந்தது. ஆகவே நம் முன்னோர் உணவில் பொருள் இல்லாமல் இல்லை.

ஆனால் எலிகளுக்குத் தந்தது பிரித்தெடுத்த பொருள். நாம் உண்பது குழம்பிலிட்ட ஒரு சிட்டிகை மஞ்சள். அதிலுள்ள குர்குமினும் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். மேலும், அச்சோதனையில் இருந்த அணுக்கள் காக்கப்பட்டனவே தவிர, அழிந்தவை மீளவில்லை. காப்பது வேறு, மீட்பது வேறு. என் தமக்கை இங்கேதான் ஏமாந்தார்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியரிடையே 31 பேருக்கு. எனவே அன்பர்கள் ஆண்டுதோறும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அன்னதானப் பந்தியில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடையில் தே ஓ கோசோங் கேளுங்கள். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

என் தமக்கை இப்போது நெல்லிக்காயும் உண்கிறார், மாத்திரையும் உண்கிறார்.