தோடும் நிக்கலும்

கவரிங் தோடு போட்டால் காது சிவந்து, அரித்து, நீர் வடியும் தோழியர் எங்கள் வகுப்பிலும் உண்டு. "உனக்குத் தங்கம்தான் ஒத்துக்கொள்ளும்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். உண்மையில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது நிக்கல் என்னும் உலோகமே. நம் வியர்வை அதைச் சிறிது சிறிதாகக் கரைக்க, அது தோலுக்குள் செல்கிறது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீங்குவதில்லை.

இதைத் தடுக்க ஐரோப்பிய நாடுகள் 1994இல் ஒரு சட்டம் இயற்றின. டென்மார்க் அதற்கும் முன்னரே விழித்துக்கொண்டது! இன்று அது 'ரீச்' என்னும் இரசாயனச் சட்டத்தில் அடங்கியுள்ளது. காதுத் துளையில் இடும் தண்டின் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வாரத்திற்கு 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாகவே நிக்கல் வெளிவரலாம். சங்கிலி, வளையல், கடிகாரப் பட்டை ஆகியவற்றுக்கு எல்லை 0.5.

இதை அளக்கும் முறையை அறிந்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. உப்பு, யூரியா, லாக்டிக் அமிலம் ஆகியவற்றை நீரில் கலந்து செயற்கை வியர்வை தயாரிக்கிறார்கள்! அதில் நகையை ஒரு வாரம் ஊறவைத்து, இறங்கிய நிக்கலை அளக்கிறார்கள். முலாம் பூசிய சங்கிலி என்றால், இரண்டாண்டு அணிந்தது போல் முதலில் தேய்த்துவிட்டே சோதிக்கிறார்கள்.

முன்பு, புதிதாகக் குத்திய காதுக்கான தோட்டில் 0.05 சதவீதத்துக்கு மேல் நிக்கலே இருக்கலாகாது என்றிருந்தது. 2004இல் அதை மாற்றினர். எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டு, எவ்வளவு வெளிவருகிறது என்று பார்க்கத் தொடங்கினர். ஆகவே நிக்கலை இறுகப் பிடித்துக்கொள்ளும் சிலவகைத் துருப்பிடிக்காத எஃகு தேறிவிடுகிறது. பளபளக்கும் மெல்லிய முலாம் தோற்றுவிடுகிறது.

சட்டம் வந்தபின் டென்மார்க்கில் இளம்பெண்களிடையே நிக்கல் ஒவ்வாமை குறைந்தது. முன்பே காது புண்ணான அவர்களுடைய அன்னையருக்குத்தான் அந்தப் பயன் கிட்டவில்லை.