தலையைப் பார்த்து வாங்குங்க, பாஸ்!

ரூம்மேட்டுக்கு ஒரு சுடிதார் டாப்ஸ் சைடு பிடிச்சுக் கொடுத்தீங்க. அவங்க நாலு பேர்கிட்ட சொல்ல, அந்த நாலு பேர் எட்டுப் பேர்கிட்ட சொல்ல, இப்போ வாரா வாரம் பத்துத் துணி உங்க கட்டில் மேல வந்து விழுது. அம்மாவோட கால் மெஷினில் மிதிச்சு மிதிச்சு முட்டி வலிதான் மிச்சம். 'பவர் மெஷின் ஒண்ணு இருந்தா படிக்கிறப்பவே ஃபீஸ் கட்டிடலாமே'ன்னு கனவு வேற! புது செட்டுக்கு விலை கேட்டா தலை சுத்துது. ஸோ, செகண்ட் ஹேண்ட்!

நல்ல ஐடியாதான். ஆனா அதுக்குப் போகப்போறது அம்மா சீட்டு எடுத்த பணம், இல்லேன்னா நீங்க சிறுகச் சிறுகச் சேர்த்த ஸ்காலர்ஷிப் பணம். சரியான மெஷின் அமைஞ்சா அது பல வருஷம் சோறு போடும். தப்பான மெஷின் அமைஞ்சா வீட்டு மூலையில துணி காயப்போடுற ஸ்டாண்டா நிற்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது, கடையில் நீங்க செலவழிக்கப் போற அரை மணி நேரம். அதுக்குத்தான் இந்த டியூஷன்!

பழசுன்னா கேவலமா?

இல்லவே இல்லை. ஐசக் சிங்கர் தன் தையல் மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கினது 1851-ல். சுத்துற ஹூக்குக்கு ஆலன் வில்சன் பேட்டன்ட் வாங்கினதும் அதே 1851-ல்தான். ஊசி கீழே இறங்கி லேசா மேலே ஏறும்போது நூலில் ஒரு சின்ன வளையம் விழும். அந்த வளையத்தை ஹூக்கின் முனை கவ்விக்கிட்டு பாபினைச் சுத்தி வரும். மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கும். இன்னிக்கு ஃபேக்டரியில் ஓடுற லேட்டஸ்ட் சிங்கிள் நீடில் மெஷினும் இந்த வேலையைத்தான் செய்யுது.

அப்போ மாறினது எது? அதை ஓட்டுற மோட்டார். முன்னே மேஜைக்கு அடியில தனி மோட்டார் தொங்கும். இப்போ ஹெட்டோடயே மோட்டார் ஒட்டி வருது, நூலைத் தானே வெட்டுது, ஊசியைச் சொன்ன இடத்தில் நிறுத்துது. திருப்பூர் மாதிரி ஊர்களில் கம்பெனிகள் இந்தப் புது மெஷின்களுக்கு மாறும்போது பழசெல்லாம் விற்பனைக்கு வருது.

இதில்தான் நமக்கு லாபம். தையலின் தரம் ஹெட்டில் இருக்கு. அதை எத்தனை நல்ல மோட்டார் போட்டும் சரி பண்ண முடியாது. மோட்டாரை ஒரே மத்தியானத்தில் மாத்திடலாம். அதனால ஃபார்முலா சிம்பிள்: பழைய நல்ல தலை, புது மோட்டார்!

முதல்ல நீங்க என்ன தைக்கப் போறீங்க?

கடைக்குப் போறதுக்கு முன்னாடியே இதுக்குப் பதில் வேணும். பிளவுஸ், சுடிதார், சட்டை, துணிப்பைன்னா சிங்கிள் நீடில் லாக்ஸ்டிச் போதும். டி-ஷர்ட், லெக்கிங்ஸ் மாதிரி இழுபடும் பனியன் துணின்னா இந்தத் தையல் இழுத்தவுடனே 'டப்'புன்னு அறுந்துடும். அதுக்கு ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் வேணும். 'எல்லாத்துக்கும் ஆகும்'னு எந்தக் கடைக்காரர் சொன்னாலும் ஒரு சிரிப்போட நகர்ந்துடுங்க.

லாக்ஸ்டிச்சில் மார்க்கெட்டில் அடிக்கடி கண்ணில் படுறது ஜப்பானின் ஜூகி டிடிஎல்-8700. லேசான துணி முதல் நடுத்தரக் கனம் வரைக்கும் கெட்டிக்காரன். அதிகபட்ச வேகம் நிமிஷத்துக்கு 5,500 தையல். அதே மாடலில் பின்னாடி 'எச்' இருந்தா அது கனமான துணிக்கானது. ஜீன்ஸ், கேன்வாஸ் பைன்னா அதைத் தேடுங்க. '-7' இருந்தா நூல் வெட்டுற வசதி இருக்குன்னு அர்த்தம். அதைத்தான் 'யுபிடி' மெஷின்னு சொல்றாங்க. கேட்க ஜாலியா இருக்கும். ஆனா பழைய யுபிடியில் எலெக்ட்ரானிக் போர்டு போச்சுன்னா செலவு பழுத்துடும். முதல் மெஷினுக்கு சாதா மாடலே சமர்த்து.

ஒரு விஷயம், இதே வடிவத்தில் வேற பல கம்பெனி மெஷின்களும் வருது. ஸ்டிக்கரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. ஹெட்டில் இருக்கும் மாடல் பிளேட்டையும் சீரியல் நம்பரையும் பாருங்க. பிளேட் சுரண்டியிருந்தா, நோ தேங்க்ஸ்!

பெயின்ட் பேசும், நம்பாதீங்க!

புதுப் பெயின்ட் அடிச்ச மெஷினைப் பார்த்ததும் மனசு அலைபாயும். பெயின்ட் அடிக்க ஒரு நாள் போதும் பாஸ். உள்ளே தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான். கையோட உங்க துணி, ரெண்டு கலர் நூல், ஒரு புது ஊசி எடுத்துட்டுப் போங்க. ஊசி 'டிபி×1' வகை, 14-ம் நம்பரா இருக்கட்டும். வீட்டு மெஷினின் தட்டை அடி ஊசி இதுக்குச் செட் ஆகாது. இனி டெஸ்ட்!

* ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு, பழைய ஊசியைக் கழட்டி, வீலை உங்க பக்கமா கையால் சுத்துங்க. வெண்ணெய் மாதிரி ஒரே சீரா சுத்தணும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடத்தில் இறுகினா உள்ளே ஏதோ வளைஞ்சிருக்கு.

* ஊசி மாட்டுற கம்பியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. 'கடக் கடக்'னு ஆடினா புஷ் தேய்ஞ்சிருக்கு. அந்த மெஷினுக்கு டாட்டா.

* பாபின் கேஸை எடுத்துட்டு, ஹூக்கின் முனையை நகத்தால் தடவுங்க. ஊசி இடிச்ச பள்ளமோ பிசிறோ இருந்தா நூல் அறுந்துக்கிட்டே இருக்கும். ஹூக் மாத்தக்கூடியதுதான். அந்தச் செலவை விலையில் கழிச்சுப் பேசுங்க.

* ஊசி இறங்குற தட்டின் ஓட்டையும், துணியைத் தள்ளுற பற்களும் அடுத்தது. பற்கள் விரலில் 'சுருக்'னு குத்தணும். வழவழன்னு இருந்தா துணி நகராது. இதுவும் மாத்தக்கூடிய ஐட்டம்தான்.

* ஹெட்டின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். மெஷின் ஓடும்போது அதில் எண்ணெய் தெறிக்கிறது தெரியணும். தெறிக்கலைன்னா எண்ணெய் ஏறலை. எண்ணெய் இல்லாம எத்தனை மாசம் ஓடுச்சோ, யாருக்குத் தெரியும்? ஹெட்டைச் சாய்ச்சுக் கீழ்த் தட்டையும் பாருங்க. கறுப்பு எண்ணெயில் மினுமினுன்னு துகள் இருந்தா அது உள்ளே தேய்ஞ்ச இரும்பு.

* இப்போ ஃபைனல் எக்ஸாம். உங்க புது ஊசியை மாட்டுங்க. மேல் நூல் ஒரு கலர், கீழ் நூல் ஒரு கலர். ஒற்றைப் பாப்ளின், பிறகு நாலு மடிப்பு, பிறகு ஜீன்ஸ் ஓரம்னு தைச்சுப் பாருங்க. மேல் கலர் அடியிலோ, அடிக் கலர் மேலேயோ புள்ளி புள்ளியா எட்டிப் பார்க்கக் கூடாது. டென்ஷனைத் திருகினா சரியாகுதான்னு பாருங்க. திருகியும் அடங்காம நடு நடுவே தையல் விட்டுப் போச்சுன்னா ஹூக் டைமிங் தகராறு. ஊசிக்கும் ஹூக் முனைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி வெறும் 0.04 முதல் 0.1 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி கனம்! இதைச் சரி செய்றது மெக்கானிக் வேலை. கடைக்காரரே சரி செய்து, திரும்பத் தைச்சுக் காட்டினா மட்டும் பணத்தை வெளியே எடுங்க.

மேஜைக்கு அடியில குனிங்க!

அடுத்து மோட்டார். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஃபேக்டரியிலிருந்து வந்த மெஷினில் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கலாம். உங்க வீட்டில் சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட்டா இருந்தா அது அப்படியே ஓடாது. மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கும், படிச்சுடுங்க.

பழைய வகைக்குப் பேரு கிளட்ச் மோட்டார். ஸ்விட்ச் போட்டதுமே 'ஙொய்ங்ங்'னு சுத்த ஆரம்பிச்சுடும். பெடலை மிதிச்சா கிளட்ச் ஒட்டி, மெஷின் பாயும். நீங்க துணி மடிக்கிறப்பவும், நூல் கோர்க்கிறப்பவும், ஃப்ரெண்டோட அரட்டை அடிக்கிறப்பவும் அது சுத்திக்கிட்டே கரன்ட்டைத் தின்னும். புதுசா பழகுறவங்களுக்கு அந்த வேகம் வேற பயமுறுத்தும். ராத்திரி தைச்சா ஹவுஸ் ஓனர் கதவைத் தட்டுவார்!

சர்வோ மோட்டார் அப்படி இல்லை. மிதிச்சாத்தான் சுத்தும், விட்டா கப்சிப். வேகத்துக்கு எல்லை வெச்சுக்கலாம். ஆரம்பத்தில் ஆமை, கை பழகினதும் குதிரை! சாதாரணத் துணிக்கு 550 வாட்ஸ் போதும். கனமான துணின்னா 750 வாட்ஸ் பாருங்க. அதே மேஜையில், பெரும்பாலும் பழைய மோட்டார் தொங்கின அதே போல்ட்டுகளில் மாட்டிடலாம். மாட்டினதும் வீல் உங்க பக்கமாத்தான் சுத்துதான்னு பாருங்க. எதிர்ப்பக்கம் சுத்தினா சர்வோவின் செட்டிங்கில் திருப்பிக்கலாம். எர்த் இல்லாத ப்ளக்கில் மட்டும் மாட்டாதீங்க.

'சர்வோவுக்குக் காசு இல்லையே'ங்கிறீங்களா? சிங்கிள் ஃபேஸ் கிளட்ச் மோட்டார்னா சின்ன வைத்தியம் இருக்கு. மெஷின் வேகம்னா, மோட்டார் வேகத்தை மோட்டார் புல்லியின் அளவால் பெருக்கி, ஹெட் புல்லியின் அளவால் வகுத்தது. மோட்டார் நிமிஷத்துக்கு 2,850 சுத்து, அதன் புல்லி 90 மில்லிமீட்டர், ஹெட் புல்லி 75 மில்லிமீட்டர்னா 3,420 தையல். மோட்டார் புல்லியை மட்டும் 50-க்கு மாத்தினா 1,900. பெல்ட்டும் சின்னதா மாத்தணும், அவ்வளவுதான். வேகம் குறையும், கனத் துணியைக் குத்துற பலம் கூடும்.

அமெரிக்காவில் மெத்தை விரிப்பு தைக்கிற குவில்ட் பிரியர்களும் இதே ரூட்தான். அவங்க 'லாங்ஆர்ம்' மெஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே 18 அங்குலத்துக்கு மேலேயே இடம் இருக்கும். துணி சட்டத்தில் நிற்க, மெஷின் சக்கரத்தில் ஊர்ந்து தைக்கும். பழைய லாங்ஆர்ம் வாங்குறவங்க, சக்கரம் நகர்றதை அளந்து மோட்டார் வேகத்தை மாத்துற கருவியைப் பொருத்திக்கிறாங்க. கை எப்படி ஓடினாலும் தையல் ஒரே அளவில் விழும். அங்கேயும் தலை பழசு, மூளை புதுசு!

எதுக்கு முதல் செலவு?

வரிசை முக்கியம். முதல்ல சர்வீஸ். எண்ணெய் மாத்தி, டைமிங் பார்த்து, டென்ஷன் செட் பண்றது. ரெண்டாவது, தேய்ஞ்ச ஹூக், பற்கள், ஊசித் தட்டு. மூணாவது சர்வோ. லைட், விதவிதமான ஃபுட் எல்லாம் மெஷின் சம்பாதிச்ச காசில்! தையல் விடுற ஹெட்டுக்கு சர்வோ மாட்டினா, அது சத்தமில்லாம தையல் விடும், அவ்வளவுதான். ஒரே விதிவிலக்கு, மெஷின் த்ரீ ஃபேஸா இருந்தா மோட்டாரைத் தள்ளிப்போட வழியில்லை.

ஒரு பேப்பரில் எழுதுங்க: மெஷின் விலை, மாத்த வேண்டிய பார்ட்ஸ், மோட்டார், மெக்கானிக் கூலி, வண்டி வாடகை. இந்தக் கூட்டுத்தொகை புது செட் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினா, இன்னும் கொஞ்ச மாசம் சேர்த்து வாரன்ட்டியோட புதுசே வாங்கிடலாம். பில் கட்டாயம் கேளுங்க, அதில் சீரியல் நம்பர் இருக்கணும். ஒரு வாரத்தில் பிரச்னை வந்தா யார் பொறுப்புன்னும் பில்லிலேயே எழுதி வாங்குங்க. வாய் வார்த்தை வண்டி ஏறினதும் மறந்துடும்! மேஜை கிட்டத்தட்ட நாலடி நீளம். உங்க மாடிப்படி திருப்பத்தில் திரும்புமான்னு டேப் வெச்சு அளந்துட்டுப் போங்க.

கடைசியா ரெண்டு உஷார். பெல்ட் கவர் இல்லாத மெஷினில் உட்காராதீங்க. துப்பட்டாவும் அவிழ்த்த முடியும் உள்ளே போக ஒரு நொடி போதும். கிளட்ச் மோட்டார் ஸ்விட்சை அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் சுத்தும். அது முழுசா நிற்கிற வரைக்கும் ஊசிப் பக்கம் கை போகக் கூடாது.

அப்புறம், வண்டியில் ஏத்தும்போது எண்ணெயை வடிச்சிருப்பாங்க. வீட்டில் இறக்கினதும் ஆர்வக்கோளாறில் ஸ்விட்ச் போடாதீங்க. தட்டில் குறிச்சிருக்கும் அளவுக்கு மெஷின் எண்ணெய் ஊத்தி, முதல் பத்து நிமிஷம் மெதுவா ஓட்டுங்க. ஜன்னலில் எண்ணெய் தெறிக்குதா? அப்புறம் என்ன, ரூம்மேட்டோட அடுத்த சுடிதாரை எடுங்க. இந்த முறை காசு வாங்கிட்டுத் தைங்க!