ரெக்கார்டிங் முடிஞ்சதும் மைக்கை என்ன பண்றீங்க?

போன நவம்பர். ஹாஸ்டல் ரூம்ல மெத்தையைச் சுவரோரம் நிறுத்தி, போர்வையைத் தொங்கவிட்டு, எங்க மியூசிக் கிளப்போட முதல் பாட்டை ரெக்கார்ட் பண்ண உட்கார்ந்தோம். ஹெட்ஃபோன்ல பாட்டோட சேர்ந்து அப்பளம் பொரியற சத்தமும் வந்தது. கேபிளை மாத்தினோம், லேப்டாப்பை மாத்தினோம். கடைசியில பார்த்தா பிரச்சனை மைக்குக்குள்ள. பன்னிரண்டு பேர் காசு போட்டு வாங்கின கண்டென்சர் மைக் அது. ரெண்டு வாரமா மழையில, ஜன்னலோரம், ஸ்டாண்டுலயே நின்னுட்டு இருந்தது.

கண்டென்சருக்கு ஈரம் ஏன் ஆகாது? பேர்லயே இருக்கு, அது ஒரு கெப்பாசிட்டர். முன்னாடி டயஃப்ரம், அதாவது உலோகம் பூசின, சில மைக்ரான் தடிமனே உள்ள பிளாஸ்டிக் படலம். பின்னாடி ஒரு உலோகத் தட்டு. குரல் பட்டுப் படலம் அசையும்போது கெப்பாசிட்டன்ஸ் மாறும், அதுதான் சிக்னல். அதை வாங்கற சர்க்யூட்டோட ரெசிஸ்டன்ஸ் கிகா ஓம் கணக்குல இருக்கும். ஒரு கிகா ஓம்னா 100 கோடி ஓம்! அதோட ஒப்பிட்டா எச்சில், தூசி, ஈரக்காத்து சேர்ந்து படியற மெல்லிய அழுக்குகூட கரண்டுக்கு நல்ல ரோடுதான். சார்ஜ் அது வழியா விட்டு விட்டுக் கசியும். நாங்க கேட்ட அப்பளம் அதுதான்.

அதனால முடிச்சதும் கெயினைக் குறைச்சு, 48 வோல்ட் பேன்டம் பவரை ஆஃப் பண்ணி, ஒரு நிமிஷம் விட்டு மைக்கைக் கழட்டுங்க. வெளிப்பக்கம் மட்டும் உலர்ந்த துணியால துடைச்சு, காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க. ஆரஞ்சு ஜெல் பச்சையானா ஈரம் நிரம்பிடுச்சுன்னு அர்த்தம். ஓவன்ல 120 டிகிரில சூடு பண்ணினா மறுபடி உபயோகிக்கலாம். நீல ஜெல் வேண்டாம், அந்த நிறம் தர்ற கோபால்ட் குளோரைடு விஷம். அரிசிக்குள்ள புதைக்கிற ஐடியாவும் வேண்டாம் (ஆமா, எங்க ரூம்லயும் ஒருத்தன் சொன்னான்), அரிசி மாவுத்தூசி உள்ள போகும். தூசியை வாயால ஊதறது அதைவிட மோசம், எச்சிலும் சேர்ந்து போகும். ஏசி ரூம்ல இருந்து வெளிய எடுத்துட்டுப் போனா உடனே டப்பாவைத் திறக்காதீங்க. குளிர்ந்த மைக் மேல ஈரம் வேர்த்துடும்.

எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்னா இவ்வளவு செல்லம் தேவையில்ல. கிரில்லைத் திருகிக் கழட்டி, சோப்புத் தண்ணில அலசி, நல்லா காயவெச்சு மாட்டினா போதும். கேபிளை முழங்கையில சுத்தாதீங்க, உள்ள கம்பி முறுக்கிக்கும்.

எங்க மைக் மூணு நாள் டப்பாவுல இருந்து தேறிடுச்சு. பாட வேண்டிய ஜூனியர் அதுக்குள்ள லீவுக்கு ஊருக்குப் போயிட்டா, பாட்டு ஜனவரிக்குத் தள்ளிப் போச்சு. இப்பவும் மைக் என் அலமாரியில அம்மா குடுத்தனுப்பின முறுக்கு டப்பாவுலதான் இருக்கு. வாரம் ஒருத்தராவது ஆசையா திறந்து ஏமாந்து போறாங்க.