உப்பு பாக்கெட்டில் எழுதிய தேதி

அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியும் 150/94-லேயே நின்றது. "அடுத்த தடவையும் குறையலன்னா இன்னொரு மாத்திரை சேர்க்கணும். சாப்பாட்டுல உப்பைக் குறைங்க" என்றார் டாக்டர்.

அம்மாவுக்கு ஆச்சரியம். ஏன்னா முதல் மாதமே சமையலறையில் தூள் உப்பு போய் இந்துப்பு வந்திருந்தது. "இது பிரஷருக்கு நல்லதாம்டா" என்று சொல்லி, கரிப்பு பத்தலன்னு ஒரு சிட்டிகை கூடவே போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் விஷயம். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். மற்ற தாதுக்கள் இருப்பது ரொம்பக் கொஞ்சம். சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ரத்தத்தின் அளவு கூடும். ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறும். உப்பு என்ன நிறத்தில் இருந்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, அளவு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக. ஒரு டீஸ்பூன்கூட முழுசா இல்லை. "நம்ம வீட்டுல அவ்ளோ எங்க போடறோம்?" என்றார் அம்மா. வாதம் பண்ணாமல், புதுசாகப் பிரித்த ஒரு கிலோ பாக்கெட்டில் பேனாவால் தேதி எழுதி வைத்தேன். சரியாக 30 நாளில் காலி. நாங்கள் மூன்று பேர். கணக்குப் போட்டால் ஆளுக்கு தினம் 11 கிராம்! கொஞ்சம் பாத்திரத்தோடு கழுவப் போயிருக்கும், உண்மைதான். ஆனால் கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் புதுசு. எதைக் குறைப்பது என்பது பாதிக் கதை; எதைச் சேர்ப்பது என்பது மீதி. அமெரிக்காவில் 'டாஷ்' என்ற ஆய்வின் முடிவு 1997-இல் வெளிவந்தது. 459 பேருக்குச் சாப்பாட்டை ஆய்வாளர்களே கொடுத்தார்கள். உப்பின் அளவை மாற்றவில்லை, எடையும் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் பொருட்களைக் கூட்டினார்கள், மொத்தக் கொழுப்பையும் நிறைவுற்ற கொழுப்பையும் குறைத்தார்கள். எட்டே வாரம். உயர் அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண், வழக்கமான அமெரிக்கச் சாப்பாடு சாப்பிட்டவர்களைவிட 11 புள்ளி அதிகமாக இறங்கியது. 2001-இல் வந்த அடுத்த ஆய்வில் இதோடு உப்பையும் குறைத்தபோது பலன் இன்னும் கூடியது. பழம், காய்கறியில் இருக்கும் பொட்டாசியம், சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்ற உதவுகிறது. அது ஒரு முக்கியக் காரணம்.

நம்ம வீட்டுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? தினம் ஒரு கீரை, பொரியல் இரண்டு கரண்டி கூட, ஒரு வாழைப்பழம், உப்பில்லாத மோர். குழம்பில் உப்பை ஒரேயடியாக வெட்டாமல் வாரம் கொஞ்சமாகக் குறைத்தோம். எலுமிச்சையும் மிளகும் கைகொடுத்தன. முதல் இரண்டு வாரம் அப்பா முகம் சுளித்தார். அப்புறம் நாக்கு பழகிவிட்டது. இப்போ ஹோட்டல் சாம்பார்தான் அவருக்குக் கரிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் பொட்டாசியத்தை இஷ்டத்துக்குக் கூட்டக்கூடாது. ரத்தத்தில் அது சேர்ந்துவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பு பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் தொடாதீங்க. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்த பாக்கெட் 52 நாள் வந்தது. ஆளுக்கு ஆறரை கிராமுக்கும் கீழே. இன்னும் 5-ஐத் தொடவில்லை. ஆனால் போன பரிசோதனையில் அப்பாவுக்கு 134/86. இது ஒரு வீட்டின் கதை, ஆராய்ச்சி இல்லை. பழைய மாத்திரை தொடர்கிறது. இரண்டாவது மாத்திரையை டாக்டர் எழுதவில்லை.

இன்னைக்கே உங்க வீட்டு உப்பு பாக்கெட்டில் ஒரு தேதி எழுதி வையுங்க.